பந்து வீசினால் படிப்புக் கிடைக்குமா?

அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாநிலத்தின் மேற்கே கனெக்டிகட் ஆறு ஓடுகிறது. அதன் கரையில் பெரியதும் சிறியதுமாகப் பல கலாசாலைகள். நார்த்தாம்ப்டன் ஊரில் ஸ்மித் பெண்கள் கல்லூரி. பாலத்தைத் தாண்டி எட்டு மைல் போனால் ஆம்ஹர்ஸ்ட். நடுவில் புகையிலை உலர்த்தும் நீண்ட மரக் கொட்டகைகள். திண்டுக்கல் பக்கம் போய்விட்டோமோ என்று ஒரு நிமிஷம் மயக்கம் வரும். காற்று அடித்ததும் மயக்கம் தெளிந்துவிடும். நான் போனது ஏப்ரல் மாதம். நம் ஊரில் மாம்பழம் தலைகாட்டும் நேரம். அங்கே மேப்பிள் மரங்களில் இலையே துளிர்க்கவில்லை!

ஆம்ஹர்ஸ்டில் எல்லோரும் பார்க்கப் போகிற இடம், எமிலி டிக்கின்ஸன் என்ற கவியரசி வாழ்ந்த வீடு. எனக்குக் கவியைவிட அவருடைய தாத்தாவின் கதைதான் மனத்தில் தங்கியது. ஏழைப் பையன்களைப் படிக்கவைத்துப் பாதிரிமார் ஆக்குவதற்காக 1821-இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். கையிலிருந்த பணத்தையெல்லாம் அதில் போட்டுக் கடனாளியாகி, 1833-இல் ஊரையே விட்டுப் போனார் மனிதர்.

அந்தக் கல்லூரியில் இன்று ஓராண்டு படிக்க, சாப்பாடும் தங்குமிடமும் சேர்த்து, சுமார் 90,000 டாலர் விலை போட்டிருக்கிறார்கள். நம் கணக்கில் முக்கால் கோடி ரூபாய்க்கு மேல்! நான்கு வருஷத்துக்கு நீங்களே பெருக்கிக் கொள்ளுங்கள்.

அப்படியும் இடத்துக்கு அடிபிடி. நூறு பேர் மனுப் போட்டால் ஏறத்தாழப் பத்துப் பேருக்குத்தான் கதவு திறக்கும். பெண்களுக்கு 1975-இல்தான் முதன் முதலாகத் திறந்தது. இன்று அந்தக் கதவைத் தட்டப் பெண்கள் கையில் எடுத்திருக்கும் சாதனங்களில் ஒன்று, ஸாப்ட்பால் மட்டை.

ஸாப்ட்பால் பிறந்த கதை வேடிக்கையானது. 1887-இல் சிகாகோ நகரில் ஒரு படகுக் கிளப்பில், ஹார்வர்டும் யேலும் ஆடிய கால்பந்து முடிவுக்காக இளைஞர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். முடிவு வந்த குஷியில் ஒருவன் குத்துச்சண்டைக் கையுறையைத் தூக்கி எறிந்தான். இன்னொருவன் கழியால் அடித்தான். ஜார்ஜ் ஹன்காக் என்பவர் அந்தக் கையுறையைக் கயிற்றால் சுற்றிக் கட்டிப் பந்தாக்கினார். ஆட்டம் தயார்! ஆக, பெரிய கலாசாலைகளுக்கும் இந்த ஆட்டத்துக்கும் பிறவியிலேயே சம்பந்தம் உண்டு.

பெயரை நம்பிப் பந்து மெத்தென்று இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பன்னிரண்டு அங்குலச் சுற்றளவுள்ள மஞ்சள் பந்து, கல் மாதிரி இருக்கிறது. வீசுகிற பெண் 43 அடி தூரத்தில் நின்று, கையைக் காற்றாடி போல் ஒரு சுழற்றுச் சுழற்றி, இடுப்புக்குக் கீழிருந்து விடுகிறாள். மணிக்கு 60 மைல் வேகத்தில் வருகிறது. மட்டைக்காரி கண்ணை இமைத்தாளோ, போயிற்று!

இவ்வளவு கெட்டிக்காரப் பெண்களுக்குக் கல்லூரி உபகாரச் சம்பளம் கொடுக்கத்தானே வேண்டும் என்று கேட்டால், இல்லை என்கிறார்கள். அமெரிக்கக் கலாசாலை விளையாட்டில் மூன்று பிரிவுகள் உண்டு. ஆம்ஹர்ஸ்ட், ஸ்மித், வில்லியம்ஸ், எம்.ஐ.டி. எல்லாம் மூன்றாவது பிரிவு. அந்தப் பிரிவில் விளையாட்டுக்கென்று ஒரு சல்லிக்காசு கொடுக்கக் கூடாது என்பது விதி. முதல் பிரிவில் ஆடும் ஹார்வர்ட், யேல் வகையறாவும், 1954-இல் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, கொடுப்பதில்லை. படிப்பிலும் உயர்ந்து, ஆட்டத்துக்கும் பணம் தருகிற ஸ்டான்போர்ட், டியூக் போன்ற இடங்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவை. முன்பு முதல் பிரிவில் ஒரு ஸாப்ட்பால் குழுவுக்கு மொத்தம் 12 உபகாரச் சம்பளங்கள்தான். அதை இருபது பேருக்குப் பங்கு போட்டார்கள். 2025-இல் அந்த வரம்பு மாறியது.

பின் எதற்காக இந்தப் பாடு? கதவுக்காகத்தான்.

அந்த ஏற்பாட்டை விசாரித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அசல் பெண் பார்க்கும் படலம்! பயிற்சியாளர்தான் தரகர். கோடைப் பந்தயங்களில் மைதானம் மைதானமாகச் சுற்றிப் பெண்களைப் பார்த்து வைக்கிறார். பிடித்துப்போனால், பள்ளியின் கடைசி வருஷத்துக்கு முந்தைய கோடையில் ஜாதகம் கேட்கிறார். ஜாதகம் என்றால் மதிப்பெண் பட்டியல். கல்லூரியின் சேர்க்கை அலுவலகம் அதைப் பார்த்து, 'பொருந்துகிறது', 'பொருந்தவில்லை' என்று முன்கூட்டியே சொல்லிவிடும். பொருந்தினால் நவம்பரில் நிச்சயதார்த்தம். 'இடம் கொடுத்தால் உங்கள் கல்லூரிக்கே வருகிறேன், வேறெங்கும் போகமாட்டேன்' என்று பெண்ணும் பெற்றோரும் கையெழுத்துப் போட்டு மனு அனுப்ப வேண்டும். எல்லா இடத்திலும் தரகருக்கு இவ்வளவு செல்வாக்கு இல்லை. எம்.ஐ.டி.யில் அவர் சிபாரிசு செய்யலாம், அவ்வளவுதான்.

ஆம்ஹர்ஸ்ட் மைதானத்துப் படிக்கட்டில் என் பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். பள்ளி ஆசிரியை. மகள் பதினோராம் வகுப்பு, பந்து பிடிப்பவள். கல்லூரியைப் பார்க்க மூன்று மணி நேரம் காரில் வந்திருந்தார்கள். மகள் வேலி ஓரமாக நின்று, கண் கொட்டாமல் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து வயதில் ஊர்க் கிளப்பில் சேர்த்தார்களாம். அன்றிலிருந்து சந்தா, பயணம், ஓட்டல் அறை, தனிப் பயிற்சி என்று வருஷத்துக்குச் சில ஆயிரம் டாலர். மட்டை ஒன்று 350 டாலர். பெண் வளர வளர மட்டையும் மாறும். கல்லூரிகள் நடத்தும் பயிற்சி முகாமுக்குத் தனிக் கட்டணம். வீட்டுக்காரர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்தார். மூன்றாவது வருஷம் கூட்டுவதை நிறுத்திவிட்டார். எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை.

உபகாரச் சம்பளம் கிடைக்கும் என்ற எண்ணத்தில்தான் ஆரம்பத்தில் செலவழித்தார்களாம். கிடைக்காது என்று தெரிந்தபோது பாதி வழி வந்தாயிற்று.

ஆனால் கதையில் ஒரு திருப்பம் இருக்கிறது. விளையாட்டுக்குக் காசு கொடுக்காத அதே கல்லூரிகள், குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தாராளமாகக் கொடுக்கின்றன. ஆம்ஹர்ஸ்ட் 2008-இலேயே தன் உதவித் திட்டத்தில் கடன் என்ற பேச்சை எடுத்துவிட்டது. ஸ்மித் 2022-இல் அதைச் செய்தது. அதே ஆண்டில் வில்லியம்ஸ், கல்லூரிக்குள் வேலை செய்து சம்பாதிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் நீக்கியது. வருஷ வருமானம் 2,00,000 டாலருக்குக் கீழே இருந்தால் படிப்புக் கட்டணமே இல்லை என்று ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 2025-இல் தொடங்கின. வாசலில் எழுதியிருக்கும் விலை ஒன்று, வீட்டுக்கு வரும் பில் வேறொன்று! ஜவுளிக் கடையில் நாம் காணாத சங்கதியா? ஆனால் அங்கே பேரம் பேசிக் குறைப்பதில்லை. வருமான வரிக் கணக்கைக் காட்டிக் குறைப்பது. ஒவ்வொரு கல்லூரியும் இதற்கொரு கணக்கீட்டுக் கருவியைத் தன் இணையதளத்தில் வைக்க வேண்டும் என்று 2011 முதல் சட்டம். வெல்லெஸ்லி கல்லூரிப் பொருளாதாரப் பேராசிரியர் ஃபிலிப் லெவின், சில கேள்விகளிலேயே விடை சொல்லும் சுருக்கமான கருவியை 2013-இல் செய்தார். இப்போது பல கல்லூரிகள் அதைப் பயன்படுத்துகின்றன.

இங்கேதான் ஆசிரியை அம்மாளின் கவலை. சொந்தத் தொழில், வீட்டின் மதிப்பு, பிரிந்து வாழும் பெற்றோர் என்று சிக்கல் இருந்தால் கருவி தடுமாறும். அவர் கணவருக்கோ சிறு மரவேலைத் தொழில். 'உங்களுக்கே வருகிறோம்' என்று நவம்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டால், வேறு கல்லூரி எவ்வளவு குறைக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. உதவி போதவில்லை என்றால் விலகிக்கொள்ளலாம்தான். ஆனால் அதற்குள் மற்ற தரகர்கள் வேறு பெண்ணைப் பார்த்திருப்பார்கள். அதனால் பல கல்லூரிகளில் ஜாதகம் பார்க்கும்போதே பணக் கணக்கையும் பார்த்துச் சொல்லும்படி கேட்கலாம். கேட்டால்தான் சொல்வார்கள். பணப் பேச்சை எடுத்தால் பயிற்சியாளர் முகம் சுளிப்பாரோ என்று முதலில் தயங்கினாராம் அந்த அம்மாள். கல்யாணம் பேசப் போன இடத்தில் நம் வீட்டுப் பெண்மணிகள் தயங்குகிற அதே தயக்கம்! இப்போது முதல் கேள்வியே அதுதான் என்றார்.

எனக்கு உறுத்தியது வேறு. ஆம்ஹர்ஸ்ட் மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஏதாவதொரு கல்லூரிக் குழுவில் ஆடுகிறவர்கள். பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த சலுகையை அந்தக் கல்லூரி 2021-இல் எடுத்துவிட்டது, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் 350 டாலர் மட்டையைத் தொட்டே பார்க்காத ஏழைப் பெண், பயிற்சியாளர் கண்ணில் படுவது எப்படி? தாத்தாவுக்கு மூடிய கதவு மட்டைக்குத் திறந்திருக்கிறது. மட்டையை வாங்கிக் கொடுத்ததும் ஒரு தாத்தாவாக இருக்கலாம்!

அதே ஊரில், ஒன்றிரண்டு மைல் தள்ளி, மாஸசூஸெட்ஸ் மாநிலப் பல்கலைக் கழகம் இருக்கிறது. அது முதல் பிரிவு. ஆட்டத்துக்குப் பணம் தரலாம். எலெய்ன் ஸார்ட்டினோ என்ற அம்மையார் 1980 முதல் 2013-இல் காலமாகும் வரை அங்கே பயிற்சியாளராக இருந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் வெற்றி தேடித் தந்தார். மாநிலத்துப் பிள்ளைகளுக்கு அங்கே விலையும் பாதிக்கும் குறைவு.

அப்படியானால் அதுதானே நல்லது என்று அந்த அம்மாளைக் கேட்டேன். அவர் தம் தோளைத் தொட்டுக் காட்டினார். பெண்ணின் தோள் போய்விட்டால் ஆட்டத்துக்காகக் கொடுக்கும் பணம் என்ன ஆகுமோ என்ற பயம் கூடவே இருக்கும். வருமானம் பார்த்துக் கொடுக்கும் உதவியை, மட்டையைக் கீழே வைத்துவிட்டாள் என்பதற்காக யாரும் நிறுத்த மாட்டார்கள். பந்து பிடிக்க ஐந்து வருஷமாகக் குத்துக்காலிட்டு, மகளுக்கு முழங்கால் இப்போதே வலிக்கிறதாம். அதை மட்டும் எந்தப் பயிற்சியாளரிடமும் இன்னும் சொல்லவில்லை என்றார்.

ஏழாவது இன்னிங்ஸ் முடிந்தது. மகள் வேலியை விட்டு வந்து, தரகரிடம், அதாவது பயிற்சியாளரிடம், ஒரு வார்த்தை பேசிவிட்டு வரலாமா என்று அம்மாவைக் கேட்டாள். அம்மாள் கம்பளியை மடித்து வைத்துவிட்டுக் கைப்பையைத் திறந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். எட்டுக் கேள்விகள் எழுதியிருந்தன. முதலாவது, பணக் கணக்கை எப்போது பார்த்துச் சொல்வீர்கள் என்பது. இருவரும் சேர்ந்து மைதானத்துக்குள் இறங்கினார்கள்.