கட்டணம் கட்டியாயிற்று, சாப்பாடு?

1848-ல் ஜோதிராவும் சாவித்ரிபாய் புலேயும் பெண்களுக்குப் பள்ளி திறந்த ஊர் புனே. வங்கியிலிருந்து ஓய்வு பெற்றபின், இங்கே ஓர் அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகையைக் கவனித்து வருகிறேன். மதிப்பெண், வருமானச் சான்றிதழ், கல்லூரி ரசீது மூன்றும் சரியாக இருந்தால் கல்லூரியின் பெயருக்கே காசோலை. ஒரு ரூபாய்கூட வீணாகாது என்பதில் எனக்குப் பெருமை.

பீட் மாவட்டத்துப் பெண் ஒருத்தி அதைக் குலைத்தாள். பெற்றோர் கரும்பு வெட்டும் தொழிலாளர்கள். முதலாண்டு நல்ல மதிப்பெண். இரண்டாம் ஆண்டுக் கட்டணமும் கட்டினோம். தீபாவளி விடுமுறைக்குப் போனவள் திரும்பவில்லை. தொலைபேசியில் கேட்டேன். "ஃபீஸ் கட்டிட்டீங்க மேடம். ரூமுக்கும் மெஸ்ஸுக்கும் அப்பா வாங்கின கடனே இன்னும் அடையலை" என்றாள் மராத்தியில்.

1913-ல் அம்பேத்கரை கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய பரோடா மன்னர், மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை வழங்கினார். உதவிக் காலம் முடிந்ததும், 1917-ல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு அவர் திரும்ப நேர்ந்தது. சேமிப்பும் கடனுமாகத் திரட்டி 1920-ல்தான் மீண்டும் போக முடிந்தது. அம்பேத்கருக்கே அந்த நிலை.

அடுத்த கூட்டத்தில் சொன்னேன்: "இருபது பேருக்குக் கட்டணம் மட்டும் கொடுப்பதைவிட, பத்துப் பேருக்குப் படிப்பு முடியும்வரை விடுதி, சாப்பாடு எல்லாம் கொடுக்கலாம்."

"ஆண்டறிக்கையில் எண்ணிக்கை பாதியாகிவிடுமே?"

"சேர்ந்தவர்களை எண்ண வேண்டாம், படித்து முடித்தவர்களை எண்ணுவோம்."

ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பெண்ணுக்குத்தான் முதல் கடிதம் எழுதினேன். அதற்குள் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.