மண்மாரி பெய்த ஊர்

காரைக்கால் என்று சொன்னால், "காரைக்குடி பக்கமா?" என்று திருப்பிக் கேட்பவர்கள்தான் அதிகம். எங்கள் ஊர் அந்தக் காரைக்காலுக்கும் தெற்கே, நாகூர் போகும் சாலையில் இருக்கிறது. பெயர் திருமலைராயன்பட்டினம். நீளமாக இருப்பதால் டி.ஆர்.பட்டினம். அதற்கும் சோம்பல்பட்டால் வெறும் பட்டினம்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் காளமேகப் புலவரால் தெரிந்திருக்கும். 15-ம் நூற்றாண்டில் விஜயநகரப் பேரரசின் கீழ் இந்தப் பகுதியை ஆண்டவன் திருமலைராயன். அவன் அவையில் அதிமதுர கவிராயரோடு போட்டி போட்டு, யமகண்டம் பாடி ஜெயித்தும் மரியாதை கிடைக்காத கோபத்தில், இந்த ஊரில் மண்மாரி பெய்யட்டும் என்று காளமேகம் சாபம் விட்டாராம். கதைதான். ஆனால் கடற்கரையில் குவிந்து கிடக்கும் மணலைக் காட்டி, "பாத்தியா, சாபம்!" என்று சொல்லும் பெரியவர்கள் இங்கே உண்டு.

எனக்கு மணலை விடத் தண்ணீர்தான் கவலை. ஊரை ஒட்டி ஓடும் திருமலைராஜனாறு காவிரியின் கிளை. நாங்கள் கடைமடை. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் எல்லா வயலையும் தாண்டி, மிச்சம் இருந்தால்தான் இங்கே வரும். 2007-ல் காவிரி நடுவர் மன்றம் பங்கு போட்ட 740 டி.எம்.சி.யில் புதுச்சேரிக்குக் கிடைத்தது 7. வணிகவியல் மாணவர்களே, சதவீதம் போட்டுப் பாருங்கள், ஒன்று கூட வராது! அந்த 7 டி.எம்.சி.யை நம்பித்தான் காரைக்கால் விவசாயம் நடக்கிறது.

புதுச்சேரி எங்கே இங்கே வந்தது என்கிறீர்களா? 1739-ல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. சுற்றுக் கிராமங்கள் பிறகு சேர்ந்தன. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி ஒப்படைத்தது 1962 ஆகஸ்ட் 16-ல். பிரெஞ்சுக்காரர் போனாலும் அவர்கள் போட்ட எல்லை போகவில்லை. எங்கள் தலைநகரம் 100 கிலோமீட்டருக்கு அப்பால். வாஞ்சூரைத் தாண்டினால் தமிழ்நாடு, வரி வேறு, பெட்ரோல் விலையும் வேறு.

ஆனால் இந்த எல்லையைப் பெருமாள் மதிப்பதில்லை! மாசிமகத்துக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தமிழ்நாட்டிலிருந்து எங்கள் பட்டினச்சேரி கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். மீனவப் பெண்ணை மணந்தவர் என்பதால் மீனவர்களுக்கு அவர் மாப்பிள்ளை. அந்த உரிமையோடு வரவேற்பார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் காரைக்கால் பகுதியில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். பட்டினச்சேரியும் தப்பவில்லை. அதே கரைக்குத்தான் மாப்பிள்ளை இன்றும் வருகிறார்.

சாபம் பலித்ததா இல்லையா என்று தெரியாது. ஊர் காலியாகாமல் இத்தனை நூற்றாண்டு தாண்டி வந்திருக்கிறது. இனிமேலும் நிற்குமா என்பது புலவர் கையில் இல்லை, வாய்க்காலில் வரும் தண்ணீரில்தான் இருக்கிறது. மாசிமகத்துக்கு வாருங்கள், நேரில் பார்க்கலாம்.