‘எதற்கும் பொருந்தும்’

ஊற்றுப்பேனாக்களின் உலகில் ‘சர்வதேச அளவு’ என்பது பெயரளவில்தான் சர்வதேசம். கவெகோ முதலிய பல ஐரோப்பியப் பேனாக்கள் அவ்வளவுக் கார்ட்ரிட்ஜை ஏற்கும். பார்க்கருக்கும் லாமிக்கும் வேறு அளவுகள். ஜப்பானின் பைலட், செய்லர், பிளாட்டினம் ஆகிய மூன்றும் தமக்குள்ளேயே பொருந்தா.

பணி ஓய்வு பெற்ற நெறியாளர் ஒருவர் தம் பைலட் பேனாவை ஆய்வு மாணவிக்கு அளித்தார். அதனுள் இருந்தது காலியான ஒரே கார்ட்ரிட்ஜ். ‘எதற்கும் பொருந்தும்’ என்று கடைக்காரர் தந்த கன்வெர்ட்டரின் வாய் குறுகியது; பைலட்டின் அகன்ற முனையில் அது ஏறவில்லை. மாணவி வலிந்து அழுத்தினார். வாய் பிளந்து, நிரப்பியிருந்த மை களக்குறிப்பேட்டில் சிந்திற்று. நனைந்தழிந்த இரு பக்கங்களில் இருந்தவை, அவ்வாண்டே மறைந்த மூதாட்டி ஒருவர் சொல்லித் தந்த சொற்கள். அவற்றை மீண்டும் கேட்டு எழுத இனி ஆளில்லை.

தீர்வோ பேனாவுக்குள்ளேயே இருந்தது. பழைய கார்ட்ரிட்ஜை நீரில் அலசி, சிரிஞ்சால் புட்டி மையை நிரப்பியதும் பேனா தடையின்றி எழுதிற்று.

சொட்டுக்குழாயால் உடற்குழலிலேயே மை ஊற்றும் இந்திய எபோனைட் பேனாக்களுக்கு இச்சிக்கல் இல்லை. பிற பேனாக்களை வாங்குவோர் நிப்பை மட்டுமன்றி உள்முனையின் அளவையும் கேட்டறிதல் நன்று; முதல் கார்ட்ரிட்ஜ் காலியானாலும் அதை எறியாதிருத்தல் அதனினும் நன்று.