இரண்டு கேபிள், ஒரே வேகம்

ஒரு கிகாபிட் கார்டு போதவில்லையா? இன்னொன்று வாங்கிச் சொருகி, இரண்டையும் சேர்த்துக் கட்டினால் இரண்டு கிகாபிட். கணக்கு சுலபம்தான். ஸ்விட்சில் இரண்டு போர்ட் பிடித்து, லினக்ஸில் பாண்டிங் போட்டு, விளக்கெல்லாம் பச்சையாக எரிந்த சந்தோஷத்தில் ஒரு பெரிய ஃபைலை காப்பி செய்து பார்த்தால்... விநாடிக்கு 110 மெகாபைட். முன்னால் என்ன வந்ததோ அதேதான்! உடனே கேபிள் சரியில்லை, ஸ்விட்ச் டுபாக்கூர், கார்டு போலி என்று எல்லார் மேலும் பழி விழும். உண்மையில் எதுவும் கெட்டுப்போகவில்லை. இயங்குதளம் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறது.

இந்தச் சமாச்சாரத்தின் பூர்வீகம் நாசா. 1994-ல் கோடார்ட் விண்வெளி மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 சாதாரண 486 கணினிகளைச் சேர்த்து பியோவுல்ஃப் என்ற கூட்டுக் கணினியைக் கட்டினார்கள். ப்ராசசர்களின் வேகத்துக்கு 10 மெகாபிட் ஈதர்நெட் ஈடு கொடுக்கவில்லை. அதனால் ஒன்றுக்கு மேற்பட்ட ஈதர்நெட்களில் பாக்கெட்களைப் பிரித்து அனுப்பும்படி பெக்கர் டிரைவர் எழுதினார். லினக்ஸின் பாண்டிங் டிரைவர் அவருடைய அந்த வேலையிலிருந்து வந்ததுதான்.

முதலில் யாருக்கும் தோன்றும் வழி, முதல் பாக்கெட் இந்தக் கார்டில், அடுத்தது அந்தக் கார்டில் என்று மாற்றி மாற்றி அனுப்புவது. லினக்ஸில் இதற்கு பேலன்ஸ்-ஆர்ஆர் என்று பெயர். வேறு எதுவும் சொல்லாவிட்டால் பாண்டிங் எடுத்துக்கொள்வதும் இதையேதான். ஒரே ஒரு தொடர்புக்கு ஒரு கார்டுக்கு மேற்பட்ட வேகம் கிடைப்பதும் இந்த முறையில்தான்.

அப்புறம் என்ன பிரச்சினை? வரிசை. இரண்டு கம்பிகளிலும் காத்திருக்கும் நேரம் ஒன்றாக இருக்காது. தொடர்கதையில் 5-ம் அத்தியாயம் கைக்கு வந்தபின் 4-ம் அத்தியாயம் வந்த மாதிரி ஆகிவிடும். டிசிபி கொஞ்சம் அவசரக்காரன். "4 எங்கே?" என்று எதிர்முனை மூன்று தடவை திரும்பக் கேட்டாலே, பாக்கெட் தொலைந்துவிட்டது என்று முடிவு கட்டி மறுபடி அனுப்பி, வேகத்தையும் குறைத்துக்கொள்வான். தொலையாத பாக்கெட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்!

அதனால் 2000-ல் ஐ.ஈ.ஈ.ஈ கொண்டுவந்த 802.3ஏடி தரம் (2008-ல் 802.1ஏஎக்ஸ் என்று இடம் மாறியது) ஒரு நிபந்தனை வைத்தது: ஒரே உரையாடலைச் சேர்ந்த பாக்கெட்கள் வரிசை மாறக் கூடாது. எப்படிப் பிரிப்பது என்பதை அனுப்புகிறவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. எல்லோரும் பிடித்துக்கொண்ட வழி ஹேஷ். பாக்கெட்டின் தலைப்பில் உள்ள சில எண்களைக் கலந்து, கார்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து, மீதி எதுவோ அந்தக் கார்டு. ஒரே உரையாடலுக்கு எண்கள் மாறாது, கார்டும் மாறாது, வரிசையும் கெடாது. கூடவே, அந்த உரையாடல் ஒரு கார்டின் வேகத்தை ஒருபோதும் தாண்டாது. 110 மெகாபைட்டின் ரகசியம் இவ்வளவுதான்.

எந்த எண்களைக் கலப்பது என்பதில்தான் கூத்தே இருக்கிறது. லினக்ஸ் தானாக எடுத்துக்கொள்வது லேயர்2, அதாவது இரு பக்க மேக் முகவரிகள். இரண்டு கார்டு, ஐபிவி4 என்று வைத்துக்கொண்டால், கடைசியில் பார்க்கப்படுவது முகவரிகளின் கடைசி எண் ஒற்றையா இரட்டையா என்பது மட்டுமே. எதிரில் இருக்கும் கணினிகளெல்லாம் இரண்டு போர்ட் கார்டு வைத்து, எல்லாவற்றிலும் முதல் போர்ட்டையே பயன்படுத்தினால், அத்தனையும் இரட்டைப்படையாக அமைந்துவிட வாய்ப்புண்டு. அப்புறம் இரண்டாவது கேபிள் சும்மா அழகுக்குத்தான் :-)

இதைவிட மோசம், எதிரில் ரவுட்டர் இருப்பது. ரவுட்டருக்கு அப்பால் ஆயிரம் பேர் இருந்தாலும் எல்லா பாக்கெட்டிலும் ரவுட்டரின் மேக் முகவரி ஒன்றே. எல்லாம் ஒரே கார்டில் போகும்.

ஒரு கல்லூரி ஆய்வகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்களின் ப்ராஜக்ட் டேட்டா 4 டெராபைட். வாரம் ஒருமுறை, ரவுட்டருக்கு அப்பால் வேறு கட்டடத்தில் உள்ள சர்வருக்கு முழு பேக்கப் போக வேண்டும். இரவு 10 மணிக்கு ஆரம்பித்து காலை 6-க்குள் முடிய வேண்டும். 110 மெகாபைட்டில் இதற்குப் பத்து மணி நேரம் ஆகும். வழியில் வேறெங்கும் நெரிசல் இல்லை, டிஸ்க்கும் தாங்கும் என்றே வைத்துக்கொள்வோம். கெஞ்சிக் கூத்தாடி இரண்டாவது கார்டுக்கு அனுமதி வாங்கிய லேப் உதவியாளர், லேயர்2-ல் விட்டுவைத்தால் அதே பத்து மணி நேரம். ஐபி முகவரியையும் போர்ட் எண்ணையும் கலக்கும் லேயர்3+4-க்கு மாற்றினால்? பேக்கப் ஒரே டிசிபி தொடர்பில் போகிறதென்றால் அப்போதும் பத்து மணி நேரம்தான்!

பேக்கப்பை நான்கு சம பங்காக்கி நான்கு தொடர்புகளில் அனுப்பினால்தான் விமோசனம். அதிலும் அதிர்ஷ்டம் உண்டு. ஹேஷ் நன்றாகக் கலக்கினால் இரண்டுக்கு இரண்டாகப் பிரிய எட்டில் மூன்று வாய்ப்பு. ஐந்து மணி நேரத்தில் முடியும். மூன்றுக்கு ஒன்றாகப் பிரிய பாதி வாய்ப்பு. ஏழரை மணி நேரம் கடந்து, மூச்சு வாங்கிக்கொண்டு முடியும். மிச்சமுள்ள எட்டில் ஒன்று, நான்குமே ஒரே கார்டில் விழுவது. அந்த வாரம் காலை 8 மணிக்கு வரும் மாணவர்கள் சர்வரைத் திட்டுவார்கள்.

"ஹேஷ் நன்றாகக் கலக்கினால்" என்பதைச் சும்மா சொல்லவில்லை. 2015-ல் லினக்ஸ் கர்னலில், வெளியே தொடர்பு கொள்ளும்போது கூடியவரை இரட்டைப்படை போர்ட் எண்களையே எடுக்கும்படி ஒரு மாற்றம் செய்தார்கள். டிசிபிக்கு அது நல்ல மாற்றம். ஆனால் பாண்டிங்கில் லேயர்3+4 வைத்திருந்தவர்கள், ஒரே சர்வரின் ஒரே போர்ட்டுக்குப் பல தொடர்புகள் திறந்தால் எல்லாமே ஒரே கார்டில் போய் விழுந்தன. எல்லா எண்ணும் இரட்டை, இரண்டால் வகுத்தால் மீதியும் ஒன்றே! 2017-ல், ஹேஷின் கடைசி பிட்டைத் தூக்கி எறியும்படி பாண்டிங்கைத் திருத்தினார்கள். இரண்டு பகுதியும் தனித்தனியே சரி, சேரும்போது தப்பு. இப்படிப்பட்ட கோளாறை யாராவது வேகத்தை அளந்து பார்த்தால் ஒழியக் கண்டுபிடிக்கவே முடியாது.

லேயர்3+4 தரத்துக்கு முழுக்க உட்பட்டதும் இல்லை. துண்டாக்கப்பட்ட பாக்கெட்களின் பின்துண்டுகளில் போர்ட் எண் இருக்காது என்பதால் ஒரே உரையாடல் இரண்டு பாதையில் போக இடமுண்டு. நடைமுறையில் பெரும்பாலான இடங்களில் இது உறுத்துவதில்லை. லினக்ஸ் ஜாக்கிரதையாக லேயர்2-ல் நிற்க, சோலாரிஸ் எடுத்த எடுப்பிலேயே போர்ட் எண் வரை போய்விட்டது. ஃப்ரீபிஎஸ்டியின் லேக் மூன்று அடுக்குகளையும் சேர்த்துக் கலக்கும். லினக்ஸ் இந்த விஷயத்தில் ரொம்பவே கட்டுப்பெட்டி.

விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-வில் வந்த டைனமிக் முறை கொஞ்சம் புத்திசாலித்தனமானது. ஒரே உரையாடலிலும் பாக்கெட்களுக்கு நடுவே இயல்பாக இடைவெளி விழும். அந்த இடைவெளி போதுமான அளவு பெரிதாக இருந்தால், அடுத்த கொத்தை வேறு கார்டுக்கு மாற்றினாலும் வரிசை கெடாது. பேசிக்கொண்டிருப்பவர் மூச்சு விடும் நேரத்தில் மைக்கை மாற்றுகிற மாதிரி. ஆனால் மூச்சே விடாமல் ஓடும் பேக்கப்புக்கு இது உதவாது.

இதுவரை சொன்னதெல்லாம் வெளியே போகும் பாக்கெட்களுக்கு மட்டும். திரும்பி வருபவை எந்தக் கேபிளில் வரும் என்பதை ஸ்விட்ச் தன் சொந்த ஹேஷை வைத்து முடிவு செய்கிறது. சர்வரில் லேயர்3+4 போட்டுவிட்டு ஸ்விட்சை மேக் முகவரியிலேயே விட்டிருந்தால், பேக்கப் வேகமாகப் போகும். ஆனால் டிஸ்க் செத்த அன்றைக்கு அதே 4 டெராபைட்டை நான்கு தொடர்புகளில் திரும்ப எடுக்கும்போது, நான்கும் ஒரே கேபிளில் வந்து, மறுபடி பத்து மணி நேரம் ஆகும்.