உள்வளியும் வெளிவளியும்

மூடிய அறையொன்றினுள் நெடுநேரம் இருந்தவனுக்கு அவ்வறையின் புழுக்கம் புலப்படுவதில்லை. வெளியிலிருந்து வந்து கதவைத் திறப்பவனே அதனை முதலில் உணர்வான். மோட்டார் வண்டியும் சக்கரம் பூண்ட ஓர் அறையே. ஓடிக்கொண்டிருக்கும் அவ்வறையின் கதவைத் திறக்க வெளியிலிருந்து எவரும் வருவதில்லை. இவ்வுண்மையை, கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குக் குடும்பத்துடன் புறப்பட்ட விரிவுரையாளர் ஒருவர் மழைக்கால மாலையொன்றில் அறியலானார்.

வண்டியில் அவருடன் அவரது தாயாரும் மனைவியும் பிள்ளைகள் இருவரும் இருந்தனர். கடுகண்ணாவை ஏற்றத்தில், முன்னே ஊர்ந்துசென்ற லொறியொன்று கரும்புகையைக் கக்கிற்று. தொய்வு நோயால் வருந்தும் தாயார், முன்னாசனத்தில் இருந்தபடியே இருமத் தொடங்கினார். "தம்பி, புகை உள்ளுக்கு வருகுது" என்றார். விரிவுரையாளர் உடனே ஒரு பொத்தானை அழுத்தினார். வண்டியின் உருவமும் அதனுள் வளைந்து திரும்பும் அம்புக்குறியும் பொறிக்கப்பட்ட பொத்தான் அது. சிறிது நேரத்தில் நெடி தணிந்தது; இருமலும் அடங்கிற்று. அவர் செய்தது சரியே.

அப்பொத்தானின் தொழில் எளிமையானது. வண்டியின் முகப்புப் பலகைக்குப் பின்னால், விசிறிக்கு வளி செல்லும் வழியில் சிறு தடுப்புக் கதவொன்று உண்டு. அது ஒரு நிலையில் நிற்கும்போது, முன்கண்ணாடியின் அடிப்புறத்திலுள்ள துவாரங்களால் வெளிவளி உள்ளே வருகின்றது. மறு நிலையில் அவ்வழி அடைபட, உள்ளேயுள்ள வளியே மீண்டும் மீண்டும் விசிறியால் இழுக்கப்பட்டுச் சுழல்கின்றது. இவ்விரு முறைகளும் பழையன. அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் 1938 இல் வெளிவளியை உள்ளிழுத்து வெப்பமாக்கி வழங்கும் அமைப்பை வெளியிட்டது. 1939 இல் பக்காட் நிறுவனம் அறிமுகப்படுத்திய குளிரூட்டியோ உள்வளியையே சுழற்றிக் குளிர்வித்தது. இன்றைய வண்டி இரண்டையும் ஒரே பொத்தானில் அடக்கிவைத்துள்ளது.

உள்வளிச் சுழற்சியின் நன்மை மறுக்கற்பாலதன்று. வெளியே 33 பாகை வெப்பம் நிலவும்போது, ஏற்கெனவே 26 பாகைக்குக் குளிர்ந்த உள்வளியை மேலும் குளிர்விப்பது குளிரூட்டிக்கு எளிது, எரிபொருளும் சிக்கனமாகும். தூசியும் புகையும் நாற்றமும் மிக்க இடங்களில் அது நல்லதொரு கவசம். வெயிலில் நின்ற வண்டியில் மட்டும், முதலிற் கண்ணாடிகளை இறக்கி வெந்த வளியை வெளியேற்றிய பின்னரே அதனைப் பயன்படுத்துதல் தகும்.

ஆனால், லொறி விலகிச் சென்ற பின்னரும் பொத்தான் அழுத்தப்பட்டபடியே இருந்தது. பேராதனை கடந்தது, கம்பளை கடந்தது. புசல்லாவை நோக்கிய ஏற்றத்தில் பழைய எஞ்சின் திணறவே, விரிவுரையாளர் குளிரூட்டியை நிறுத்தினார். மலைக் குளிரில் அது வேண்டியதில்லை என்பது அவர் எண்ணம். விசிறி மாத்திரம் சுழன்றது. பின்னாசனத்தில் பிள்ளைகள் உறங்கினர். அவருடைய இமைகளும் கனத்தன, தலை பாரமாயிற்று. மதிய உணவின் மயக்கம் என்றே அவர் கருதினார்.

உண்மையில் அவ்வளியில் நிகழ்ந்தது வேறு. அமைதியாக இருக்கும் வளர்ந்தவர் ஒருவர் மணிக்கு 15 முதல் 20 லீற்றர் வரை காபனீரொட்சைட்டை வெளிவிடுகின்றார். ஐவருக்கும் சேர்த்து, பிள்ளைகள் சிறியவர் என்பதால் 60 லீற்றர் எனக் கொள்ளலாம். வண்டியின் உள்வெளி ஏறத்தாழ 3000 லீற்றர். அது முற்றாக அடைபட்டிருப்பின், அரைமணி நேரத்தில் காபனீரொட்சைட்டு 1 சதவீதத்தை எட்டும். வெளிவளியில் அது 0.04 சதவீதமே. ஓடும் வண்டியின் இடுக்குகளால் வெளிவளி சிறிது புகுவதால் நிலை அவ்வளவிற்குச் செல்வதில்லை. எனினும் வெளியிலுள்ளதிலும் பன்மடங்காகிவிடும். ஒட்சிசன் தீர்ந்துவிடுகின்றது எனப் பலர் எண்ணுவது தவறு. 21 சதவீதமான ஒட்சிசனிற் குறைவது சொற்பமே. பெருகிய காபனீரொட்சைட்டே புழுக்க உணர்வையும் தலைப்பாரத்தையும் மந்தத்தையும் தருவது. வாகனம் செலுத்துபவருக்கு மந்தம் சிறு தீங்கன்று.

இறம்பொடையை அணுகுகையில் மழை வலுத்தது. திடீரெனக் கண்ணாடி வெளுத்தது. வெளித்துடைப்பான் எத்துணை விரைந்து இயங்கியும் பயன் விளையவில்லை. மனிதர் ஒருவரின் மூச்சும் தோலும் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீராவியை வெளிவிடுகின்றன. ஐவரிடமிருந்தும் ஒரு தேநீர்க் கோப்பை நிறையத்தக்க நீர் சேர்கின்றது. குளிரூட்டி இயங்கும்போது அந்நீர் குளிர்ந்த குழாய்களிற் படிந்து, வண்டியின் அடியிற் சொட்டி நீங்கும். இப்போதோ குளிரூட்டியும் இயங்கவில்லை, வெளிவழியும் அடைபட்டிருந்தது. நீராவி, மழையிற் குளிர்ந்த கண்ணாடியின் உட்புறத்தையே நாடிற்று. வளைவு எங்கே, பள்ளம் எங்கே என அறியாது அவர் வண்டியை மெல்ல ஓரங்கட்டி நிறுத்தினார். முன்சக்கரம் நின்ற இடத்திற்கும் பள்ளத்தின் விளிம்பிற்கும் இடையே இருந்தது இரண்டடி நிலமே.

தாயார்தாம் முதலிற் பேசினார். "கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கு ராசா, மூச்சு முட்டுது."

"முந்தியே சொல்லியிருக்கலாமே, அம்மா?"

"நீ எனக்காகத்தானே பூட்டினனி. அதுதான் பேசாமல் இருந்தன்."

அவ்விடையை அவரால் எளிதில் மறக்க இயலவில்லை. தாயைக் காக்கவென அடைத்த வழியே தாயின் மூச்சை முட்டச் செய்தது. அன்பினாற் செய்யப்பட்டது என்பதாலேயே அதனைச் சுட்டிக்காட்டத் தாய் தயங்கினார். அவர் பொத்தானை மீண்டும் அழுத்தி வெளிவளிக்கு வழிவிட்டார்; குளிரூட்டியை இயக்கி, வளியோட்டத்தை முன்கண்ணாடியின் பக்கம் திருப்பினார். சில நிமிடங்களிற் கண்ணாடி தெளிந்தது. ஈரமண்ணின் வாசமும் தேயிலைச் சரிவின் குளிரும் உள்ளே வந்தன. அவருடைய தலைப்பாரமும் மெல்ல அகன்றது.

கொழும்பின் மழைநாளில் நிகழ்வது இதற்கு மறுதலையாகும். அங்கே மிகக் குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்புறத்திற் பனி படியும். அதனைத் துடைப்பான் நீக்கிவிடும். எப்புறத்திற் படிந்தது என விரலால் தொட்டறிந்த பின்னரே பரிகாரம் தேடவேண்டும். பிறிதொன்றும் மனங்கொள்ளத்தக்கது. நிறமும் மணமுமற்ற காபனோரொட்சைட்டு, குருதியின் ஈமோகுளோபினுடன் ஒட்சிசனிலும் 200 மடங்கிற்கு மேலான வலிமையோடு பிணைவது. புகைக்குழாய் பழுதுற்ற வண்டியிலும், மூடிய கொட்டகையுள் எஞ்சினை இயக்கிவிட்டு இருக்கும் வண்டியிலும், உள்வளி, வெளிவளி என்னும் இரண்டில் எதுவும் காப்பாகாது. தூசியைத் தடுக்கும் வடிகட்டியும் அவ்வாயுவைத் தடுப்பதில்லை. எஞ்சினை நிறுத்தி வெளியேறுவதே வழி.

அந்நாள் முதல், புகைநிறைந்த தெருவிற் பொத்தானை அழுத்தும்போதெல்லாம், தாம் மறந்தால் நினைவூட்டும்படி பிள்ளைகளிடம் அவர் சொல்லிவைப்பதுண்டு. அடைப்பதற்கான காரணம் புகை வடிவிற் கண்முன் வந்து நின்றது. திறப்பதற்கான காரணமோ எவர் கண்ணுக்கும் தெரியாமல் உள்ளேயே வளர்ந்தது. இப்போது லொறி விலகியதும் பின்னாசனத்திலிருந்து சிறுகுரலொன்று எழுகின்றது: "அப்பா, திறவுங்கோ."