வழுக்கியை வைக்கும் கை

நுணுக்குக்காட்டியைப் புகழ்வோர் அதன் வில்லையையே புகழ்வர். வில்லைக்குக் கீழே, மேடையின் துவாரத்துக்கு நேராக, ஒரு கண்ணாடி வழுக்கியை வைத்துப் பற்றிகளால் நிறுத்தும் கையை எண்ணுவோர் அரியர். விஞ்ஞானம் கற்பிக்கும் எனக்கோ அந்தக் கையே முக்கியமாகப் படுகிறது.

நான் கற்பித்த ஒரு பாடசாலையில் நாற்பது மாணவருக்கு ஒரே கருவி. அதுவும் பூட்டிய அலுமாரிக்குள். பாட நாளில் ஆசிரியரே வெங்காயத் தோலை உரித்து, அயடீன் இட்டு, மூடித்துண்டால் மூடி, மேடையில் ஏற்றி வைத்துவிடுவார். மாணவர் கைகளைப் பின்னால் கட்டியபடி வரிசையாக வந்து குனிந்து செல்வர். “தெரிகிறதா?” “தெரிகிறது, சேர்!” அவர்களிற் பலர் கண்டது தம் கண்ணிமை மயிரையே; சிலர் கண்டது கரிய விளிம்புடைய காற்றுக் குமிழியை. ஆயினும் யாவரும் புத்தகத்தைப் பார்த்துக் கலத்தை வரைந்து, கருவையும் குறித்துப் புள்ளி பெற்றனர். காணாததைக் கண்டோமென்று சொல்லப் பழகுவதற்கு விஞ்ஞான பாடம் எதற்கு? அதற்கு நாட்டில் வேறு இடங்கள் தாராளமாக உண்டு.

தானே வழுக்கியை வைப்பவனிடம் இந்தப் பொய் நெடுநேரம் நில்லாது. வழுக்கியை வலப்புறம் நகர்த்தினால் உருவம் இடப்புறம் ஓடுகிறது. ஓடாத கறை பார்வைத்துண்டில் உள்ள தூசியென்று அவனே அறிகிறான். மூடித்துண்டு கீழ்ப்புறமாகும்படி தலைகீழாக வைத்தால், சிறிய வில்லையில் ஓரளவு தெரிந்த கலம் 40 மடங்கு வில்லையில் தெளிவதில்லை. அந்த வில்லை பொருளை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தூரத்தில் அணுகவேண்டும். வழுக்கியின் தடிப்போ ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். ஆகவே பக்கத்திலிருந்து கண்ணால் பார்த்தே வில்லையைத் தாழ்த்துதல் வேண்டும். உள்ளே நோக்கும்போது மெல்ல விலக்கியே தெளிவைத் தேடுதல் வேண்டும். இதை நூறு முறை சொல்வதிலும் ஒருமுறை செய்யவிடுவது மேல். “உடைந்தால் யார் பொறுப்பு?” என்று கேட்கும் அதிபர்கள் உளர். உடைவது பெரும்பாலும் மலிவான மூடித்துண்டே.

இது வெறும் பள்ளி விளையாட்டன்று. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் மலேரியா இந்நாட்டில் ஏறத்தாழ எண்பதாயிரம் உயிர்களைக் குடித்தது. மாண்டோரிற் பெரும்பாலோர் பசியால் ஏற்கெனவே மெலிந்திருந்த ஏழைக் கிராமத்தவர். பின்னர் டி.டி.ரி. தெளிப்பினால் நோய் ஒடுங்கி, 1963 இல் நாடு முழுவதிலும் 17 பேரிடமே காணப்பட்டது. வெற்றி கிட்டியதென்று தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. அத்தசாப்தம் முடியுமுன் இலட்சக்கணக்கானோரை அந்நோய் மீண்டும் பீடித்தது.

இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது 2016 இல். அதற்குள் எத்தனை விரல் நுனிகளிலிருந்து குருதித் துளிகள் வழுக்கியில் பூசப்பட்டிருக்கும்! சாயமிட்டு, எண்ணெய்த் துளி வைத்து, நூறு பார்வைப் புலங்களையேனும் ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்த பின்னரே “ஒட்டுண்ணி இல்லை” என்று எழுதலாம் என்பது அத்தொழிலின் விதி. அவ்வாறு எழுதியோரின் பெயர்களை எந்தப் பாடநூலும் சொல்வதில்லை. மலேரியா உள்ள நாடுகளிலிருந்து காய்ச்சலோடு திரும்புவோரின் குருதி இன்றும் அவர்களுடைய மேடைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.