காலதர்

உண்ணும் உணவையும் பருகும் நீரையும் ஆராய்ந்து கொள்ளும் மாந்தர், நொடிதோறும் உட்கொள்ளும் காற்றைப்பற்றி எண்ணுவது அரிது. உணவு கெட்டால் நா அறிவிக்கும்; நீர் கலங்கினால் கண் அறிவிக்கும். காற்று மாசுற்றதை அறிவிக்க நமக்கு வாய்த்த பொறி மூக்கு ஒன்றே. அதுவும் பழகிய நாற்றத்தை விரைவில் மறந்துவிடும் இயல்பினது. ஆதலின் காற்றைப்பற்றிய அச்சம் மனத்தில் எளிதில் எழும். அவ்வச்சத்தையே முதலாகக் கொண்டு வாணிகம் செய்வாரும் எளிதில் தோன்றுவர். இவ்வுண்மையைச் சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில், அமெரிக்க நாட்டு டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில், என் சிறிய தாயார் இல்லத்தில் இரண்டு திங்கள் தங்கியிருந்தபோது நேரிற் கண்டேன். கண்டதையும், அதன்பொருட்டுக் கற்றதையும் ஈண்டு எழுதலுற்றேன்.

பண்டைத் தமிழில் சாளரத்திற்குக் காலதர் என்று ஒரு பெயர் உண்டு. சிலப்பதிகாரத்துள் அதனைக் காணலாம். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. நம் ஊர் வீடுகளில் காற்று வரும் வழி கண்ணெதிரே உள்ளது. திறந்தால் வரும், அடைத்தால் நிற்கும், கம்பியில் தூசி படிந்தால் துணி கொண்டு துடைத்துவிடுகிறோம். ஹூஸ்டன் நகரமும் சென்னையைப்போலவே வெம்மையும் புழுக்கமும் மிக்கது. ஆயின் அங்கே கோடையில் சாளரத்தைத் திறந்து வைப்பார் அரியர். வீடு முழுவதையும் ஒரே பொறி குளிர்விக்கின்றது. கூடத்துச் சுவரிலுள்ள ஒரு பெரிய வாய் வழியாக விசிறி வீட்டுக் காற்றை இழுக்கும். அக்காற்று ஒரு வடிகட்டியைக் கடந்து, பரணிலுள்ள குளிர்ச்சுருளின்மேற் சென்று தண்ணெனக் குளிரும். காற்றிலிருந்த ஈரம் சுருளின்மேல் நீராய்த் திரண்டு, கீழுள்ள தட்டிற் சொட்டி, சிறு குழாய் வழியே வெளியேறும். குளிர்ந்த காற்று, பரணில் மலைப்பாம்புகள்போற் கிடக்கும் குழாய்களின் வழியாக ஒவ்வோர் அறைக்கும் பகிர்ந்து செல்லும். இக்குழாய்களே அவ்வீட்டின் காலதர். அவற்றின் உட்புறத்தை வீட்டுக்குரியார் பல்லாண்டு கண்ணுற்றிலர் என்பதே நான் சொல்லப்போகும் இடர்ப்பாட்டின் தோற்றுவாய்.

சிறிய தாயாரின் மகள் நான்கு வயதுக் குழந்தை. இரவில் அவளுக்கு இருமலும் இரைப்பும் வந்து வருத்தின. அவளது கட்டிலுக்கு நேர்மேலே, காற்று வரும் வாயைச் சுற்றிக் கரிய கறை ஒன்று படர்ந்திருந்தது. அதனைப் பார்க்குந்தோறும் தாயின் உள்ளம் பதைத்தது. அச்சமயத்தில், வீடு முழுவதுமுள்ள காற்றுக் குழாய்களை 99 டாலருக்குத் தூய்மை செய்து தருவோம் என்று ஒரு துண்டு விளம்பரம் வாயிற்கதவில் தொங்கியது. அழைத்தவுடன் ஓர் ஆள் வந்தார். வெள்ளைத் துணியால் அவ்வாயைத் துடைத்து, கறுத்த துணியை எங்கள் முகத்தெதிரே நீட்டினார். “இது நச்சுப் பூஞ்சணம், குழந்தை இரவெல்லாம் இதனைத்தான் உட்கொள்கிறாள்” என்றார். குழாய்களைத் தூய்மை செய்து, உள்ளே மருந்தும் தெளிக்க 1,800 டாலர் ஆகும் என்றும், தம் நிறுவனம் அரசாங்கத்தின் சான்று பெற்றது என்றும், அன்றே ஒப்பினால் 200 டாலர் குறையும் என்றும் கூறினார். சிறிய தாயார் கண்கலங்கிப் பணம் கொடுக்க எழுந்தார். சிற்றப்பா மட்டும், “நாளை விடை கூறுகிறேன்” என்று அவரை அனுப்பினார். அன்றிரவு அவ்வீட்டில் எவரும் நன்கு உறங்கவில்லை. குழந்தையின் நலத்தில் பணத்தைக் கருதுவதா என்பது தாயின் வினா. பணம் கொடுத்தால் நலம் வருமா என்பது தந்தையின் வினா. இரண்டும் நேரியவையே.

அவ்விரவில் சிற்றப்பாவும் நானும் அமர்ந்து, அமெரிக்கச் சுற்றுச்சூழற் பாதுகாப்பு முகமை இப்பொருள்பற்றி 1997-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிவுரையைப் படித்தோம். அது கூறுவன எனக்கு வியப்பளித்தன. குழாய்களைத் தூய்மை செய்வதனால் நோய் தடுக்கப்படும் என்பது மெய்ப்பிக்கப்பட்டதன்று. குழாயின் உட்புறத்தில் ஒட்டிய தூசியிற் பெரும்பகுதி அங்கேயே ஒட்டிக்கிடக்கும். அறைக்குள் வந்தே தீரும் என்பதில்லை. சமைத்தல், பெருக்குதல், புகைபிடித்தல், நடமாடுதல் ஆகிய அன்றாடச் செயல்களால் எழும் மாசு அதனினும் மிகுதியாகலாம். காற்றை உள்ளிழுக்கும் வாயில் தூசி படிவது இயல்பு. அது குழாய் கெட்டதற்கு அறிகுறி ஆகாது. ஆதலின் இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என நாட்குறித்துச் செய்யாது, தேவை நேர்ந்தபோது செய்தலே தக்கது என்பது முகமையின் கொள்கை. குழாய் துடைக்கும் நிறுவனம் எதற்கும் அம்முகமை சான்று அளிப்பதில்லை என்பதையும் அங்கே கண்டோம்.

அங்ஙனமாயின் தேவை நேர்ந்தது என்பதை எவ்வாறு அறிவது? அதற்கு மூன்று அடையாளங்கள் கூறப்பட்டுள்ளன. குழாயின் உள்ளேயோ பொறியின் பிற உறுப்புகளிலோ கண்ணாற் காணத்தக்க அளவில் பூஞ்சணம் படர்ந்திருத்தல் ஒன்று. எலியோ பூச்சியோ உள்ளே குடிபுகுந்திருத்தல் மற்றொன்று. குழாய் அடைபடும் அளவுக்குக் குப்பை நிறைந்து, அது காற்று வாய் வழியே அறைக்குள் உதிர்தல் மூன்றாவது. இவற்றுள் ஒன்று உண்டெனச் சொல்பவர் அதனை நமக்குக் காட்டவும் கடமைப்பட்டவர். கறை பூஞ்சணந்தானா என்று ஐயமுண்டாயின், ஒட்டும் தெளிநாடா ஒன்றை அதன்மேல் அழுத்தியெடுத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பலாம்; ஏறத்தாழ 50 டாலரில் விடை கிடைத்துவிடும். அடையாளம் உண்மையாயின், அதனை விளைத்த காரணத்தையும் உடன் நீக்கவேண்டும். ஈரம் வரும் வழியை அடைக்காமற் பூஞ்சணத்தைத் துடைத்தால், அது மீண்டும் வளரும். எலி வரும் துளையை அடைக்காமற் குழாயைக் கழுவினால், எலிக்குத் தூய வீடு அமைத்துக் கொடுத்ததாகவே முடியும்.

மறுநாட் காலையில் தெளிநாடாவை அனுப்பினோம். சில நாளில் விடை வந்தது. அது பூஞ்சணம் அன்று, தூசியும் கரியுமே. கரி எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தபோது, சிறிய தாயார் மாலைதோறும் கூடத்தில் ஏற்றிவைக்கும் நறுமண மெழுகுவர்த்திகள் நினைவுக்கு வந்தன. அவற்றின் நுண்கரி வீட்டுக் காற்றோடு சுழன்று, குளிர்ந்து சற்றே ஈரமுற்ற காற்று வாயின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைத் துணி காட்டிய கருமையின் வரலாறு இவ்வளவே.

எனினும் ஐயம் தீர்ந்தது என்று நாங்கள் அமர்ந்துவிடவில்லை. வெயில் ஏறினால் பரண் அடுப்பாகிவிடும். ஆதலின் விடியலிலேயே கைவிளக்குடன் ஏறிப் பார்த்தோம். வடிகட்டி தன் சட்டத்திற் பொருந்தாது வளைந்திருந்தது. ஓரத்து இடைவெளி வழியே காற்று வடிபடாமலே சென்றுகொண்டிருந்தது. நீர் ஏந்தும் தட்டின் வடிகுழாய் பாசியால் அடைபட்டு, தட்டில் நீர் தேங்கியிருந்தது. மூலையில் ஒரு குழாயின் மேலுறை கடிபட்டுக் கிழிந்திருந்தது. கிழிசலின் உள்ளே எலிப்புழுக்கையும் பஞ்சுத் துணுக்குகளும் கிடந்தன. அக்குழாய் யான் உறங்கிய அறைக்குச் செல்வது! வந்தவர் அஞ்சுவித்த இடத்தில் இடர் இல்லை. அவர் ஏறியே பாராத பரணில் அஃது இருந்தது. எங்கள் கண்முன்னே மூன்றில் ஓர் அடையாளம் தெளிவாக நின்றமையின், இம்முறை தொழில் வல்லவரை அழைப்பது கடமையாயிற்று.

இரண்டாவதாக வந்தவர் விலை கூறுமுன் ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் பார்வையிட்டார். செய்ய வேண்டுவனவற்றையும் வேண்டாதனவற்றையும் தாளில் எழுதித் தந்தார். எலி கடித்த குழாயைத் துடைப்பதிற் பயனில்லை என்று அதனை அகற்றிப் புதுக்குழாய் பொருத்தினார். பரணின் துளைகளை அடைத்தார். குளிர்ச்சுருள், விசிறி, நீர்த்தட்டு ஆகியவற்றைத் தூய்மை செய்தார். ஏனைக் குழாய்களைத் துடைக்கும்போது, பெரிய உறிஞ்சு பொறி ஒன்றைப் பொருத்தி, உள்ளிருந்து கிளம்பும் தூசி அறைக்குள் வாராது அப்பொறிக்குள்ளேயே செல்லுமாறு செய்து, மெல்லிய தூரிகையால் தட்டினார். இவ்வேலையை அரைகுறையாகச் செய்தால், ஒட்டிக்கிடந்த தூசி கிளம்பி வீட்டை நிறைக்கும், குழாயும் கிழியும். செய்யாதிருத்தலே அதனினும் நன்று. மருந்து தெளிக்கலாமா என்று சிறிய தாயார் வினவியபோது, “பூஞ்சணம் இல்லாத இடத்தில் மருந்து எதற்கு? அம்மருந்தையும் குழந்தைதானே முகர்வாள்?” என்றார் அவர். முகமை அவ்வகைத் தூய்மைக்குக் கூறியிருந்த விலை 450 முதல் 1,000 டாலர் வரை. எங்கள் செலவும் அவ்வெல்லையைக் கடக்கவில்லை.

குழந்தையின் இரைப்பு என்னாயிற்று என்று படிப்போர் கேட்பர். அவளை மருத்துவரிடமும் அழைத்துச் சென்றிருந்தார்கள். தோற்சோதனை செய்த அவர், மெத்தையிலும் தலையணையிலும் கம்பளத்திலும் வாழும் தூசி நுண்பூச்சிகள் அவளுக்கு ஒவ்வாமை விளைப்பதாகக் கண்டார். மூச்சுமருந்து கொடுத்தார். மெத்தைக்கு நுண்ணிழை உறையிடவும், விரிப்புகளை வாரந்தோறும் 54 பாகை செல்சியசுக்குக் குறையாத வெந்நீரில் துவைக்கவும், வீட்டுக் காற்றின் ஈரத்தை 50 விழுக்காட்டிற்குள் வைக்கவும் பணித்தார். நான் ஊர் திரும்பும் நாளில் அவள் இரவில் அமைதியாக உறங்கிக்கொண்டிருந்தாள். 1,800 டாலரை முதலாமவர் கையிற் கொடுத்திருந்தால், தாய் மனம் ஆறியிருப்பார். மெத்தையை எவரும் நினைத்திரார். மருத்துவரிடம் செல்வதும் நாட்பட்டிருக்கும். பொய்யான தீர்வின் கேடு, பணத்தைக் கொள்வதோடு நில்லாது, மெய்யான தீர்வைத் தேடும் கவலையையும் உடன் கொண்டுபோய்விடுகின்றது.

இதனின்று கொள்ளத்தக்கன சில. வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றி, ஓரத்தில் இடைவெளியின்றிப் பொருத்துக. நீர்த்தட்டு வடிகின்றதா என்று பார்க்க. நீர் கசியுமிடத்தை உடனே அடைக்க. அழைத்தவர் குறை கூறினால், “காட்டுக” என்று கேட்க. காட்டியபின், “இது எதனால் வந்தது?” என்று வினவுக. இவ்விரு வினாக்களுக்கும் விடை தருபவரிடமே பொருளைக் கொடுக்க. நம் நாட்டு வீடுகளிற் பெரும்பாலானவற்றில் இத்தகைய குழாய்கள் இல்லை. ஆயினும் சுவரிற் பொருத்திய குளிர்பொறிகள் இப்போது ஊர்தோறும் பெருகிவிட்டன. அவற்றிற்கும் வடிகட்டி உண்டு, சுருள் உண்டு, நீர் வடியும் குழாய் உண்டு.

அச்சத்திற்கு இருள் வேண்டும். பரணில் ஏறி ஒரு கைவிளக்கை ஏற்றியவுடன், அங்கே நச்சு இல்லை, ஓர் எலிதான் இருந்தது என்பது தெரிந்துபோயிற்று. எலியை விரட்ட வழி உண்டு.